எண்ணெய் குடித்த பிரேக்

“பிரேக்கை மூணு தடவை துடைச்சுட்டனுங்க அம்மணி. இன்னும் கத்துது. பிடிக்கவும் மாட்டேங்குது” என்றார் சென்னியப்பன்.

கலாமணி ஒரு சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். தலையை உயர்த்தவில்லை.

“எந்தத் துணியில துடைச்சீங்க சார்?”

“ஆல்கஹால்லதானுங்க. நீங்க சொன்ன மாதிரியே.”

“நான் துணியைக் கேட்டேனுங்க.”

சென்னியப்பன் தம் தோளிலிருந்த துணியைப் பார்த்தார்.

இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி வருவோர் முதலில் காண்பது கலாமணியின் சைக்கிள் கடையைத்தான். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைச்சரிவை அங்குலம் பிசகாமல் அளந்தவருக்கு, ஒரு திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

ஆயுத பூசையன்று ஊர் நர்ஸ் பியூலா சிஸ்டரின் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கடைக்கு வந்திருந்தது. கலாமணி ஊரில் இல்லை. சென்னியப்பன் பஞ்சரை ஒட்டினார். அத்துடன் நின்றிருக்கலாம். நாள் நல்ல நாளாயிற்றே என்று சைக்கிள் முழுவதையும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார். எல்லாவற்றிலும் அதிகமாகப் பளபளத்தவை இரண்டு சக்கரங்களிலும் இருந்த பிரேக் தகடுகளே. ஆகவே சந்தனத்தையும் குங்குமத்தையும் அவற்றின்மேல் வைத்தார்.

மறுநாள் காலை, தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு பியூலா சிஸ்டர் இறங்கினார். ஏழாவது வளைவில் இரண்டு பிரேக்கும் பிடிக்கவில்லை. பள்ளத்தின் பக்கம் போகாமல், மலையின் பக்கமிருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் சைக்கிளை விட்டார். முழங்கை சிராய்ந்தது. பெட்டி தப்பியது.

நாளைக் காலை அடிவாரத்தில் மீண்டும் தடுப்பூசி முகாம். சைக்கிளை எடுத்துப்போக இன்று ஐந்து மணிக்கு வருவார்.

கலாமணி எழுந்து வந்து அந்தத் துணியை வாங்கினாள். மோந்து பார்த்தாள். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவரும் மோந்தார்.

“துவைச்சதுதானுங்க அம்மணி.”

“என்ன வாசம் வருது?”

அவர் இன்னொரு முறை மோந்துவிட்டுச் சொன்னார்: “செயின் எண்ணெய் வாசம்.”

அவள் உள்ளே போய்ப் பிரிக்காத வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துவந்தாள். அதைக் கத்தரித்தாள். ஒரு சாண் சதுரமாக இருபத்து நான்கு துணிகள்.

“ஒரு துணிக்கு ஒரு சுத்து. சுத்துனதைத் திரும்பத் தொடாதீங்க.”

“எத்தனை துணி வரைக்கும்?”

அவள் சக்கரத்திடம் திரும்பிப் போயிருந்தாள்.

முதல் துணி மஞ்சளாக வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சாம்பல் நிறம். ஒன்பதாவது துணி போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. எவ்வளவு வழவழப்பு என்று அறியும் ஆசையில் கட்டைவிரலால் தகட்டை மெல்ல வருடினார்.

கலாமணி பத்தாவது துணியை நீட்டினாள்.

“வெள்ளையா வந்துருச்சுங்களே.”

“வந்துச்சு.”

அவர் துடைத்தார். துணியில் ஒரு விரல் அகலத்துக்குக் கறை.

சென்னியப்பன் எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். திரும்பி வந்தவர், அடுத்த சக்கரத்தைத் தொடங்குமுன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். கலாமணி அதைப் பார்க்காதவள்போல் இருந்தாள்.

இரண்டு தகடுகளிலும் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. தகட்டைக் கவ்வும் பிரேக் கட்டைகள் நான்கையும் உப்புத்தாளில் தேய்த்தார். மேலே மினுமினுப்பு அகன்றது.

“பிடிக்கும்ல அம்மணி?”

அவள் டீக்கு வைத்திருந்த அடுப்பில், பழைய தகரத் தட்டின்மேல் ஒரு கட்டையை வைத்துச் சூடாக்கினாள். இடுக்கியால் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தினாள்.

தாளில் எண்ணெய் வட்டம் விழுந்தது.

“தேய்ச்சனுங்களே!”

“இரும்பு எண்ணெயை மேலேயே வெச்சுக்கும், துடைச்சாக் குடுத்துரும். இது குடிச்சிருக்கு.”

“இன்னுங் கொஞ்சம் தேய்க்கட்டுங்களா? மாட்டி ரெண்டு மாசந்தான் ஆச்சு.”

“எதுவரைக்கும்?”

“எண்ணெய் போற வரைக்கும்.”

“எண்ணெய் போயிருமுங்க. கட்டையும் போயிருக்கும்.”

நான்கு கட்டைகளையும் அவரே பழைய இரும்புப் பெட்டியில் போட்டார். நான்காவதைப் போட மட்டும் சற்றுத் தாமதித்தார்.

புதியவற்றைப் பொருத்தினார். சமதரையில் ஏறி மிதித்து, பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் கத்தவில்லை. ஆனால் பத்தடி தள்ளிப்போய்த்தான் நின்றது.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மணி நான்கைக் கடந்திருந்தது.

“தகடு சுத்தம். கை சுத்தம். கட்டை புதுசு. அப்பவும் இழுத்துட்டுப் போகுதுங்க. எனக்கு இந்த வேலை வராதுங்க அம்மணி. நான் சங்கிலி பிடிச்சு நிலத்தை அளக்கத்தான் லாயக்கு.”

“எங்கிட்ட வந்த முதல் நாளு நீங்க என்ன செஞ்சீங்க சார்?”

“ஸ்டூல்ல உக்காந்திருந்தனுங்க.”

“ரெண்டாம் நாளு?”

“அன்னிக்கும்தான்.”

“அதுவும் இன்னிக்குத்தானே வந்திருக்குது” என்று புதிய கட்டைகளைச் சுட்டினாள். “தகட்டோட பழகோணுமுங்க. பள்ளிக்கூட ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வேகமா மிதிச்சு, பிடிச்சு, நிக்கப்போறப்ப விட்டுருங்க. இருபது தடவை. எண்ணோணும்.”

எண்ணுவது அவருக்குப் பழகிய வேலை.

ஐந்தாம் முறை எதுவும் மாறவில்லை. ஒன்பதாம் முறை, கைப்பிடியில் இதுவரை இல்லாத ஒரு கனம் தெரிந்தது. பதினான்காம் முறை சைக்கிள் முனகலின்றித் தயங்கியது. இருபதாம் முறை அவர் பிடியை விட மறந்தார். சைக்கிள் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை, மார்பு போய்க் கைப்பிடியில் மோதியது.

வலித்த மார்பைத் தடவிக்கொண்டே அவர் திரும்பி வந்தபோது, பியூலா சிஸ்டர் முழங்கைக் கட்டோடு கடை வாசலில் நின்றிருந்தார்.

“சார், உங்க சாமி சக்தியுள்ள சாமிதான். புதரைக் காட்டுச்சு பாருங்க. பள்ளத்தைக் காட்டலை.”

“மன்னிச்சுக்கோணும் சிஸ்டர்.”

“சந்தனம் வெச்சதுக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த வருசம் பெல்லு மேல வைங்க.” சிரித்த சிஸ்டர், சைக்கிளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். வலக்கை தானாகவே முழங்கைக் கட்டின்மேல் போயிற்று. “பிடிக்குமா கலாமணி? நாளைக்கு நான் இறங்கலாமா?”

கலாமணி சென்னியப்பனைப் பார்த்தாள்.

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

“அம்மணி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா…”

“வேலை செஞ்சது யாருங்க?”

“நான்தானுங்க. ஆனா அன்னிக்குச் செஞ்சதும் நான்தானுங்களே.”

கலாமணி கைகளைத் துடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் உட்காரும் ஸ்டூலைச் சிஸ்டரின் பக்கம் நகர்த்தினாள்.

“சிஸ்டர், கடையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.”

சைக்கிளின் கேரியரில் ஒருபக்கமாக ஏறி அமர்ந்தாள். சேலை முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். மாலைவெயில் முதல் வளைவின்மேல் சரிந்து கிடந்தது.

“ஓட்டுங்க சார்.”

“எங்கீங்க அம்மணி?”

“கீழே.”

சென்னியப்பன் மிதியில் கால் வைத்தார். சாலை சரியத் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் ஊன்றி நின்றார். திரும்பிப் பார்த்தார். கலாமணி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதையாச்சும் பிடிச்சுக்குங்க அம்மணி.”

“எதுக்குங்க?” என்றாள் கலாமணி.