வரைபடம் இல்லாத படை

தவசெல்விக்குக் கணினி விளையாட்டு செய்யக் கற்றுத்தந்த மெஹருன்னிசா, அவளைவிட ஆறு வயது இளையவள். மாணவியை 'அக்கா' என்றுதான் அழைப்பாள்.

தவசெல்வி முதன்முதலில் செய்த போர் விளையாட்டு அவள் அப்பாவுக்காக. லாரி ஓட்டிய பால்பாண்டிக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கூட ஓட்டியவர்களும் மெல்ல மெல்ல அவரைத் தேடி வராமலானார்கள். இடக்கையால் ஆடிய அந்த ஆட்டம்தான் அவருக்குத் துணை. ஒரு நாள் அதையும் தள்ளி வைத்துவிட்டார்.

"என்னாச்சுப்பா?"

"எந்தக் காட்டுல ஒளிஞ்சாலும் நேரா வந்து நிக்கிறான். அவன்கூட என்னத்த விளையாட?"

கணினியே நடத்தும் அந்த எதிரிப் படையை அவள் பாதியாகக் குறைத்தாள். அப்பா ஜெயித்தார். ஜெயித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நோயாளிக்கு விட்டுக்குடுக்குறியாக்கும்."

தவசெல்வி குருவிடம் போனாள். "இன்னும் எதைக் குறைக்கட்டும் மெஹர்? மூணு நாளா அப்பா பேசவே இல்ல."

"எதிரிக்கு வழி எப்படித் தெரியுது?"

"முழு வரைபடமும் குடுத்திருக்கேன். பாறையில முட்டிக்கிட்டு நின்னா பாக்குறவங்க சிரிப்பாங்களே."

"அப்பாவுக்கு?"

"அவர் ஆளுங்க நடந்து பார்த்த இடம் மட்டும் தெரியும். மிச்சமெல்லாம் இருட்டு."

மெஹருன்னிசா படையைப் பழையபடி முழுதாக்கினாள். அதனிடமிருந்த வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். இருவரும் அப்பாவிடம் போனார்கள்.

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். குன்றின்மேல் அவருக்கு ஒரு காவற்கோபுரம் இருந்தது. அங்கிருந்து எதிரிப் படை தெரிந்தது. அது பாறையில் முட்டியது. சதுப்பில் இறங்கிப் பின்வாங்கியது. வந்த வழியே திரும்பிப் போனது.

"எலே, அது முட்டுச்சந்துலே!" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாலத்துக்கு இடக்கைப் பக்கமா ஒடிச்சுத் திருப்புலே!"

படை மறுபடியும் தப்பான பக்கம் போனது. அப்பா சற்று யோசித்தார். காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த வீரர்களில் ஒருவனை நடத்திக்கொண்டு வந்து, வெட்டவெளியில் நிறுத்தினார்.

எதிரி பார்த்துவிட்டான். கால் மணி நேரத்தில் அப்பா தோற்றார்.

"இன்னொரு ஆட்டம் போடுத்தா," என்றார், சிரித்துக்கொண்டே.

வாசலில் தவசெல்வி தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஒளிஞ்சே இருந்தா ஜெயிச்சிருப்பாரே மெஹர். எதுக்கு அந்த ஒருத்தனை வெளிய நிறுத்துனாரு?"

மெஹருன்னிசா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இத்தனை நாளும் எதிரிங்க சும்மா வந்தாங்க அக்கா. இன்னிக்குத்தான் அப்பாவைத் தேடி வந்தாங்க."