குருபூஜையன்று கரண்ட் போனது

எங்கள் மடத்துக்கு வந்து பசியோடு திரும்பிப் போனவர் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இருக்கிற பெருமையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

போளூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் மலை திரும்பினதும் மடம். இப்போது குருவாக இருப்பவர் உண்ணாமலை அம்மா. நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கும். அவருடைய சீடர் தெய்வசிகாமணி அய்யா அறுபதைத் தாண்டியவர். ஜவுளிக்கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வயதில் மூத்தவர் என்று அம்மா அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவார். அவரோ அம்மா எதிரில் உட்காரவே மாட்டார். நான் மடத்தில் பந்தி பரிமாறுகிறவன்.

மடத்து மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டது அய்யாதான். போட்ட நாளிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை. மடத்துத் தேவை போக மிச்சக் கரண்ட் தெருக் கம்பி வழியாக ஊருக்குப் போகிறது என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை.

"சோறு போடற மடம் இப்போ கரண்ட்டும் போடுது" என்பார். "இதுவும் தானம்தானே? வாங்கறவனுக்கு யார் குடுத்ததுன்னு தெரியாது. அதைவிட ஒசந்த தானம் உண்டா?"

டீக்கடையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், முடிவெட்டப் போன இடத்திலும் சொன்னார். எங்களுக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பேனல் மாட்டியவர்கள் ஒரு விஷயம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தெருவில் லைன் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும், பயப்படாதீர்கள் என்று. அய்யா அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

சித்திரையில் குருபூஜை வந்தது. கூடம் நிறைய ஜனம். கைக்குழந்தைக்காரிகள், வயசானவர்கள், வெளியூர்க்காரர்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் அடித்த காற்றில் ரோட்டோர வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து லைன் மேல் விழுந்து, கம்பி அறுந்துவிட்டது. பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே ஃபேன் எல்லாம் நின்றது. மைக் செத்தது.

அய்யா சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "ஒண்ணும் பயமில்ல. நம்ம சோலார் இருக்கு."

சோலாரும் நின்றிருந்தது.

ரைஸ்மில் ஜெயவேலு முன்வரிசையில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். "என்ன சிகாமணி அய்யா, ஊருக்கே கரண்ட் போடறோம்னீங்க. மடத்துக்கு மிச்சம் வெக்க மறந்துட்டீங்களா?" என்றார். கூடமே சிரித்தது. சும்மா சொல்லக் கூடாது, நானும் சிரித்துவிட்டேன்.

அய்யா முகம் சுண்டிப்போயிற்று. நேரே மைக்செட் தாமோதரனிடம் போனார்.

"இதை ஓட வைக்க வழி இருக்கா?"

"என் ஜெனரேட்டர் சின்னது அய்யா. ஆனா அதுலேருந்து கொஞ்சம் கரண்ட்டைக் காட்டினா, லைன் வந்துடுச்சுன்னு நெனச்சு சோலார் ஓட ஆரம்பிச்சிடும்னு சொல்றாங்க." தாமோதரன் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுதான். உங்க மெயின் சுவிட்ச் பழசு, சரியா கட் ஆகாது. கரண்ட் வெளியே தெருக் கம்பிக்கும் போகும்."

"போகட்டுமே. ஊருக்கும் சேர்த்துக் குடுத்த மாதிரி ஆச்சு. ஒயரை மாட்டு."

"மாட்டிட்டுப் போன் பண்றேன். நீங்க சரின்னா தட்டிவிடறேன்."

அய்யா திரும்பினார். பின்னால் அம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார்.

"அம்மா, வெயில் காயுது, பேனல் இருக்கு" என்றார் அய்யா. "கையில இருந்தும் குடுக்காம நிக்கறது நம்ம மடத்துக்கு அழகா? நீங்களே சொல்லுங்க."

அம்மா வெளியே பார்த்தார். "காலாற நடந்துட்டு வருவோமா அய்யா?"

இந்த வெயிலிலா என்று அய்யா கேட்கவில்லை. குரு கூப்பிட்டால் நடக்க வேண்டியதுதான். தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

வேப்பமரத்தடியில் லைன்மேன் ஏகாம்பரம் கம்பத்து மேல் இருந்தார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். கம்பி முறுக்குவதற்கு விரல் வேண்டுமே. அறுந்த கம்பியின் நீளமான துண்டு அவர் கையிலிருந்து தரை வரைக்கும் தொங்கியது.

"அம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் மேலிருந்து. "கீழே ஒருத்தர் இழுத்துப் பிடிச்சா வேலை முடிஞ்சிடும். கூட வந்தவர் டிரான்ஸ்பார்மர் கிட்ட காவலுக்கு நிக்கறார். யாராவது தெரியாம சுவிட்ச்சைப் போட்டுடக் கூடாது பாருங்க."

அம்மா குனிந்து கம்பியை எடுத்தார். இழுத்துப் பிடித்தார். "அய்யா, நீங்களும் பிடிங்க. எனக்குத் தனியா தம் பத்தாது."

அய்யா பிடித்தார். பிடித்த பிறகுதான் கேட்டார். "கரண்ட் வராதே?"

"மேலேருந்து வர்றதை நிறுத்தியாச்சு அய்யா" என்றார் ஏகாம்பரம். "வீட்டுப் பக்கத்துலேருந்து வந்தாத்தான் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. போன வருஷம் பக்கத்து ஊர்ல ஒருத்தர் ஜெனரேட்டர் போட்டுட்டார். எங்க ஆள் ஒருத்தர் பொழைச்சதே பெரிய விஷயம்."

அய்யா திரும்பி மடத்துப் பக்கம் பார்த்தார்.

"உங்க மடத்து மிஷின் நல்ல மிஷின். லைன் நின்னா தானா நின்னுடுமாம், ஆபீஸ்ல சொன்னாங்க. அந்த தைரியத்துலதான் ஏறினேன்."

அய்யாவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவருடைய இரண்டு கையும் கம்பியில். விட்டால் மேலே இருப்பவர் தடுமாறுவார். அம்மா ஒரு கையை எடுத்து, அவர் பையிலிருந்து போனை எடுத்து, அழுத்தி அவர் காதில் வைத்தார்.

"அய்யா, ஒயர் மாட்டியாச்சு" என்றது தாமோதரன் குரல். எனக்கே கேட்டது. "தட்டிவிடவா?"

அய்யா தன் கையைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். அண்ணாந்து ஏகாம்பரத்தைப் பார்த்தார். அந்த ஆள் கம்பியை முறுக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் போனைப் பிடுங்கலாமா என்றிருந்தது எனக்கு.

"தட்டாதே" என்றார் அய்யா, தாழ்ந்த குரலில். "ஒயரைக் கழட்டு. ஜெனரேட்டர் கிட்டயே யாரும் போகக் கூடாது."

"ஜனம் புழுங்குது அய்யா. ஜெயவேலு வேற இன்னும் பேசிட்டே இருக்கார். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மடத்துல இன்னிக்குக் கரண்ட் இல்ல. கேக்கறவங்க கிட்ட எல்லாம் நல்லா சத்தமாவே சொல்லு."

அம்மா போனை அவர் பையில் போட்டுவிட்டு மறுபடி கம்பியைப் பிடித்தார்.

"யாரு அய்யா போன்ல?" என்றார் ஏகாம்பரம்.

"மைக்செட்காரர். கரண்ட் இல்லன்னு சொன்னார்."

"அதான் தெரியுமே" என்று அவர் சிரித்தார்.

வேலை முடிகிற வரைக்கும் அய்யா பிடியை விடவில்லை. வேர்வையில் வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் நீட்டிய தண்ணீரையும் வேண்டாம் என்றுவிட்டார். தேர் வடம் பிடிக்கிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் கையை எடுத்தார். உள்ளங்கையில் கம்பி பதிந்து சிவந்திருந்தது. அம்மாவின் உள்ளங்கையிலும்.

"சுவிட்ச்சைப் போடச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் ஏகாம்பரம். "பந்தி இருக்குமா?"

"உங்களுக்கு இல்லாத பந்தியா" என்றார் அய்யா.

நாங்கள் கூடத்துக்குத் திரும்பினபோது ஃபேன் இன்னும் ஓடவில்லை. ஜெயவேலு விடுவாரா? அய்யாவை விட்டுவிட்டு அம்மாவிடமே கேட்டார்.

"அம்மா, கரண்ட் தானம் கரண்ட் தானம்னு உங்க சீடர் ஊரெல்லாம் சொன்னார். இன்னிக்குப் பாத்து ஒண்ணும் குடுக்கலையே?"

கூடம் அம்மாவைப் பார்த்தது. அய்யா தலையைக் குனியவில்லை. நேராக நின்றார்.

"குடுத்துட்டுத்தான் வர்றார்" என்றார் அம்மா. "பின்னாலேயே ஏகாம்பரம் சாப்பிட வர்றார். அவருக்கு ஒரு இலை போடுங்க."