வேலிக்கம்பில் ஒரு கதண்டு

“என் கை நடுக்கம் நிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க,” என்றார் அடைக்கலம்.

தமயந்தி அவர் கையைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய கேமராவை எடுத்து வந்து அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

“இந்த எறும்பை எடுங்க.”

அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவளுக்கு முப்பத்து நான்கு. ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு பூச்சிகளை மட்டும் படம் பிடிப்பவள். இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று ஊரில் கேட்பார்கள். இல்லை என்று அவளும் ஒப்புக்கொள்வாள்.

பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்றில் அவள் எடுத்த கதண்டுப் படத்தை அடைக்கலம் பார்த்திருந்தார். கதண்டு என்றால் பெரிய குளவி. கூட்டமாக வந்து கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும். படத்தில் அது ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் அங்கேயே இரண்டடி பின்வாங்கினார். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு விஷயம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. இதை எடுத்தவளின் கை நடுங்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் தம்பி நீலகண்டனைத் தென்னந்தோப்பில் கதண்டுகள் கொட்டின. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து அடைக்கலம் தோப்புக்குள் கால் வைக்கவில்லை. காதோரம் ஈ பறந்தால்கூடச் சாப்பாட்டுத் தட்டைத் தவறவிடுகிறார். காலையும் மாலையும் மோட்டார் போடுவதற்கு அவர் மனைவி பூபதிதான் தனியாகப் போய் வருகிறாள்.

இவ்வளவையும் முதல் நாளே சொன்னார். எல்லாவற்றையும் சொல்லவில்லை.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது முடி கனத்துக்கு மட்டும்தான் தெளிவு கிடைக்கும், முன்னும் பின்னும் கலங்கிவிடும் என்றாள். மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சு வருவதற்குள் அழுத்த வேண்டும். பிளாஷ் கூடாது. முகத்தில் வெளிச்சம் அடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

ஒரு மாதம் ஆயிற்று. எறும்பு, சிலந்தி, பொறிவண்டு, சின்னக் குளவி, எல்லாம் கலங்கல். பொறிவண்டுக்குக்கூட நடுங்கினால் எப்படி என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

எப்போதாவது ஒன்றிரண்டு தெளிவாக விழுந்தன. தமயந்தி அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எறும்பில் கடிக்கும் வாய் தெளிவு. சிலந்தியில் பல் தெளிவு. குளவியில் கொடுக்கு இருக்கும் வால்நுனி தெளிவு.

“கண் எங்கே?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் கண்ணைத் தேடவே இல்லை.

மறுநாள் காலையில் பெட்ரோல் வாடை வந்தது. வாசலில் நின்ற தன் ஸ்கூட்டர்தான் ஒழுகுகிறதோ என்று தமயந்தி குனிந்து பார்த்தாள். வண்டியில் ஒன்றுமில்லை. வாடை அவர் பையிலிருந்து வந்தது.

“பையில என்ன?”

அவர் மறைக்கவில்லை. தோப்பில் கதண்டு மறுபடியும் ஒரு கூடு கட்டியிருக்கிறது, பூபதிதான் பார்த்துச் சொன்னாள். மோட்டார் கொட்டகையிலிருந்து ஐந்தாவது தென்னை. பூபதி தினமும் அதன் அடியில்தான் போய் வருகிறாள். கொளுத்த வேண்டும். அதற்குத்தான் நடுங்காத கை வேண்டும்.

தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமே என்று அவள் கேட்டாள். தம்பிக்காக என் கையால்தான் செய்ய வேண்டும் என்றார்.

“அது பூபதியக்காவை என்ன செஞ்சுது?”

“இதுவரைக்கும் ஒண்ணும் செய்யலை.”

“தம்பியை எதுக்குக் கொட்டுச்சு?”

அடைக்கலம் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

தம்பி செத்த அன்றைக்கும் கூடு சும்மாதான் இருந்தது. இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது. தென்னங்கீற்றைப் பந்தமாகக் கட்டி, மூங்கிலில் சொருகி, அவர்தான் தூக்கிப் பிடித்தார், தம்பி பக்கத்தில் நின்றான். கூடு பாதிதான் எரிந்தது. மீதியிலிருந்த கதண்டுகள் அப்படியே அவர்கள் மேல் இறங்கின. அவர் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி நான்கு எட்டு பின்னால் வந்தான்.

“அண்ணே, அண்ணேன்னு கதவைத் தட்டுனான். தாழ்ப்பாள்ல கை வச்சேன். நடுங்குச்சு. அவ்வளவுதான். நான் திறக்கலை.”

இதை அவர் பூபதியிடம்கூடச் சொன்னதில்லை.

தமயந்தி ஆறுதல் சொல்லவில்லை. பெட்ரோல் பாட்டிலைப் பிடுங்கவும் இல்லை.

“ஒரே ஒரு கதண்டு. ஒரு தெளிவான படம். எடுத்துட்டு வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்,” என்றாள்.

தினமும் வெயில் ஏறும் நேரத்தில் அவள் வீட்டு வேலிக்கு ஒரு கதண்டு வரும். கூடு கட்டுவதற்காகப் பழைய வேலிக்கம்பைச் சுரண்டி நார் எடுத்துப் போகும். எப்போதும் ஒற்றையாகத்தான் வரும். கம்பிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி அவரை உட்கார வைத்தாள். அவள் பின்னால் உட்கார்ந்தாள். அது மேல் மூச்சுப் படக் கூடாது, வேகமாக அசையக் கூடாது என்று சொன்னதோடு சரி.

முதலில் சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தூக்கத்தில் கேட்பது.

எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. கால் எழவில்லை. கதண்டு கம்பில் இறங்கியது. கறுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை. சுரண்டும் ஓசை, தேங்காய் துருவுவதுபோலச் சன்னமாகக் கேட்டது.

அவர் கேமராவில் கண்ணை வைத்தார். வழக்கம்போல வால்நுனிக்குத்தான் பார்வை போனது. உள்ளே இருந்த கொடுக்கு லேசாக வெளியே வந்து போயிற்று. எங்கோ யாரோ கதவைத் தட்டினார்கள். யாரும் தட்டவில்லை, தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சுரண்டல் நின்றது.

கதண்டு திரும்பியது. இப்போது அதன் முகம் அவருக்கு நேராக இருந்தது.

அவருக்கு உயிரே போனதுபோல் இருந்தது. கண் எங்கே, கண் எங்கே என்று தேடினார். இருபுறமும் அவரைக்கொட்டைபோல வளைந்து, பெரிதாக இருந்தது. அதுவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு முழுவதும் வெளியே போய்விட்டது. அடுத்த மூச்சு வருவதற்குள் அழுத்தினார்.

கதண்டு எழும்பி அவர் காதை உரசுவதுபோலப் பறந்து, முந்திரிக்காட்டுப் பக்கம் போய்விட்டது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததில் ரத்தம் வந்திருந்தது.

எடுத்தது ஒரே படம். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

கதண்டு கலங்கியிருந்தது.

அடைக்கலம் கேமராவை மடியில் போட்டுவிட்டார். “முடிஞ்சுபோச்சு. கடைசி நேரத்துல கை நடுங்கிருச்சு. நான் எதுக்கும் லாயக்கில்லைம்மா,” என்றார்.

தமயந்தி படத்தைப் பெரிதாக்கினாள். கதண்டை விட்டுவிட்டு, அது நின்ற கம்பின் மேல் விரலை வைத்தாள்.

கம்பு நார் நாராகத் தெரிந்தது. சுரண்டிய இடத்தில் புதிதாக வெளுத்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கதண்டின் கால்நகம் கம்பைப் பற்றியிருந்த இடம்கூடத் தெளிவாக இருந்தது.

“கை நடுங்கியிருந்தா, கம்பும் கலங்கியிருக்கும்,” என்றாள்.

அவர் கேமராவைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். கதண்டைப் பார்த்தார். மறுபடியும் கம்பைப் பார்த்தார்.

“அப்ப நடுங்குனது...”

அவள் விரலைக் கம்பிலிருந்து கதண்டின் மேல் நகர்த்தினாள்.

“கோபமா இருக்கும். கொட்டுறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்,” என்றார்.

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பந்தத்தைத் தூக்குனீங்களே ஐயா, கோபத்துலயா தூக்குனீங்க?”

வெயில் நன்றாக ஏறிவிட்டது. வேறொரு கதண்டு, இல்லை அதே கதண்டுதானோ, திரும்பி வந்து கம்பில் உட்கார்ந்தது. அடைக்கலம் தட்டுத் தடுமாறி எழவில்லை. நடுக்கத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். அது நார் எடுத்துக்கொண்டு போகும்வரை பார்த்தார்.

பிறகு பையைத் திறந்து பாட்டிலை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

“இதை உங்க வண்டிக்கு ஊத்திக்கங்க. சாயங்காலம் மோட்டார் போட நான் போகணும்.”