மாடிக்குக் கீழே ஒரு விருந்து

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அது அந்தக் கணமே நடந்தாக வேண்டும்! ஒருநாள் கூண்டிலிருந்து தப்பிய கிளியைத் துரத்திக்கொண்டு, ஏணி வைத்து அந்தப்புரத்து மொட்டை மாடிக்கு ஏறினான். கிளி கிடைக்கவில்லை, நல்ல காற்று கிடைத்தது. இறங்கியதும் சபையைக் கூட்டிவிட்டான்.

"என் மகள் செங்கமலம் கர்ப்பிணி. உள்ளே கூட்டம் சேர்ந்தால் மூச்சு முட்டுகிறது என்கிறாள். வளைகாப்பை மாடியிலேயே நடத்துவோம். ஊர்ப் பெண்கள் எல்லோரையும் அழையுங்கள்!"

அமைச்சர் பொன்னப்பர் எழுந்தார். "அருமையான யோசனை, மன்னா. ஆனால் அந்த மாடியில் இதுவரை வடகமும் வற்றலும்தான் உட்கார்ந்திருக்கின்றன. இத்தனை பேரைத் தாங்குமா என்று உத்திரங்களைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் கைப்பிடிச் சுவரும் இல்லை."

அரண்மனை அதிகாரி காங்கேயருக்கு அமைச்சர் ஆசனத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். விடுவாரா?

"மன்னர் ஆசைப்பட்டதை மாடி தாங்காதா? அமைச்சருக்கு ஏணியைப் பார்த்தாலே நடுக்கம்! கூரைக்கு நான் பொறுப்பு, மன்னா."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பொன்னப்பரே, எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறீர். மாடி தாங்கிவிட்டால் உம் ஆசனம் காங்கேயருக்கு!"

"உத்தரவு. ஆனால் நம் நாட்டு வழக்கத்தை விட வேண்டாம். கூரைக்குப் பொறுப்பேற்றவர் அதன் கீழே முதல் விருந்து சாப்பிட வேண்டும் அல்லவா? பெண்களின் பாரத்துக்கு ஈடாக மேலே நெல் மூட்டைகளை ஏற்றுவோம். காங்கேயர் கீழே சாப்பிடட்டும்."

மறுநாள் சுவரோரம் சாரம் கட்டி, கப்பியில் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். மாடிக்கு நேர் கீழே, கூடத்தின் நடுவே காங்கேயருக்குத் தலைவாழை இலை. ராஜா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

முதல் மூட்டை மாடித் தளத்தில் இறங்கியது. பாயசத்தில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு விழுந்தது. காங்கேயர் அப்போதுதான் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். உத்திரம் நெடுகக் கரையான் புற்று! இலையைச் சுவரோரம் நகர்த்தினார். அடுத்த மூட்டைக்கு நிலைப்படிக்கே வந்துவிட்டார்.

"என்ன காங்கேயரே, இலை நடக்கிறது?" என்றான் ராஜா.

"இங்கே... காற்று நன்றாக வருகிறது, மன்னா."

மேலே 'மளுக்'கென்று ஒரு சத்தம். காங்கேயர் எச்சில் கையோடு ராஜாவின் காலில் விழுந்தார். "மன்னித்துவிடுங்கள்! நான் உத்திரத்தைப் பார்க்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்."

ராஜாவின் முகம் வெளிறிப்போனது. "உம் உயிர் உமக்கு வெல்லம். அங்கே என் மகளை உட்கார வைக்கப் பார்த்தீரே!" என்று கத்தினான். பிறகு குரல் தாழ்ந்தது. "நானும்தானே பார்த்தேன். பொன்னப்பரே, என்ன செய்யலாம்?"

"மாடியை விட்டுவிட வேண்டாம், மன்னா. செய்ய வேண்டிய முறைப்படி செய்தால் போதும்."

மூட்டைகளை இறக்கினார்கள். உளுத்த உத்திரங்கள் போய் வைரம் பாய்ந்த தேக்கு வந்தது. மழைநீர் தேங்காமல் வாட்டம் கொடுத்துத் தளம் போட்டார்கள். நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடிச் சுவரும், ஏணிக்குப் பதில் அகலமான படிக்கட்டும் எழுந்தன. மாடியில் தண்ணீர் போகும் வழியில் சருகு சேராமல் பெருக்கும் வேலை காங்கேயருக்கு. சபையே பார்க்க, துடைப்பத்தை ராஜா தன் கையாலேயே கொடுத்தான்.

தளம் இறுகியதும் மறுபடி மூட்டைகளை ஏற்றினார்கள். இந்த முறை கூரைக்குப் பொறுப்பேற்ற பொன்னப்பர் விருந்துக்கு உட்காரப் போனார். ராஜா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மேலே உட்காரப்போவது என் பிள்ளை. இந்த இலை எனக்கு."

நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ரசம் மோர் வரை நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தான். பாயசத்தில் ஒரு தூசி விழவில்லை.

மாலையில் ஊர்ப் பெண்கள் மாடியில் கூடி, செங்கமலத்தின் கை நிறைய வளையல் அடுக்கினார்கள். அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, கீழே நின்ற ராஜாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, நீங்களும் மேலே வாங்களேன். காத்து எவ்வளவு சுகமா இருக்கு!"