கரைக்குருவியின் ஓயாத வால்

அந்தக் காலத்தில், பறவையும் நண்டும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, வாலாட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. அதன் வால் மற்றக் குருவிகளின் வாலைப் போலச் சும்மாதான் இருந்தது. ஏரிக்கரையில் வேலை பார்த்ததால் எல்லோரும் அதைக் கரைக்குருவி என்றார்கள்.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அது கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும். நண்டு எங்காவது வளை தோண்டியிருக்கிறதா, வளை வழியே நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் மடைக்காரர் வீரணனைக் கூவி அழைக்க வேண்டும். அவர் ஓடிவந்து களிமண்ணை அடைத்து மிதிப்பார். இதற்குக் கூலியாக மதகின் கல்லிடுக்கில் குருவிக்கு வீடு. மடையோரம் சேரும் பூச்சியெல்லாம் குருவிக்கு.

நல்ல வேலைதான். ஆனால் குருவியின் மனம் கரையில் தங்கவில்லை. மனத்துக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஏரியில் பிறந்த கெண்டை மீன் ஒன்று, கடலைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பிப் போகிற கதை. அதை நீரோரத்து ஈரச் சேற்றில் அலகால் கீறிக் கீறி எழுதி வந்தது.

எழுத நேரம்தான் வாய்க்கவில்லை. உச்சிவேளையில் கொஞ்சம் ஓய்வு உண்டு. அப்போது சேற்றோரம் போய் நின்றால் வெயிலும் பசியும் வருமே தவிர, ஒரு சொல் வராது. பொழுது சாய்ந்தபின் எழுதலாமென்றால் கண் சொக்கிவிடும். ஆனால் வேலைக்கென்று நடக்கத் தொடங்கினால் போதும், பத்தாவது அடியில் கெண்டை பேச ஆரம்பித்துவிடும். அடுத்த கோடியை எட்டுவதற்குள் பாதி வரிகள் மறந்து போகும். மீதியும் போய்விடுமோ என்று குருவி நிலைகொள்ளாமல் தவிக்கும்.

அந்தக் கதையைக் கேட்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். கரைக்குக் கீழே, தரிசு நிலத்துக் கூழாங்கற்களுக்கு நடுவே, நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த ஆட்காட்டிப் பறவை.

"இன்னிக்கு எவ்வளவு எழுதினே?" என்று அது கேட்கும்.

"ரெண்டே வரி அக்கா. எட்டு வந்துச்சு. ஆறு நடையிலேயே போயிடுச்சு."

"இவ்வளவு பதற்றம் எதுக்குடி? குஞ்சு பொரிக்கட்டும், அதுகளோட உட்கார்ந்து நிதானமாக் கேக்கறேன்."

"எழுதாம விட்ட வரி நெஞ்சுக்குள்ளேயே கிடந்து பிறாண்டுது அக்கா. அதை என்ன செய்ய?"

அந்த ஆண்டு ஆடியில் ஆறு பெருகி, இரண்டே நாளில் ஏரி நிரம்பிவிட்டது. வீரணன் மண்வெட்டியும் கையுமாக வந்தார். "குருவி, தண்ணி கரைமட்டத்துக்கு நிக்குது. நான் தெற்கு மடைக்குப் போறேன். இன்னிக்கு ஒரு நாள் கண்ணை அங்கே இங்கே விடாதே."

"விடமாட்டேன் அண்ணே."

சொன்னபடியே நடந்தது குருவி. வடக்கு வளைவில் ஒரு நண்டு வளையின் வாய் ஈரமாக மினுங்குவதைக் கண்டது. கூவ அலகைத் திறந்தது. சரியாக அந்த நேரத்தில்தான், பல மாதமாகக் காத்திருந்த அந்த வரி வந்தது: முதன்முதலாகக் கடலின் இரைச்சலைக் கேட்டதும் கெண்டை என்ன சொல்லிற்று என்கிற வரி.

கூவினால் வரி போய்விடும். கசிவு சின்னதுதானே, எழுதிவிட்டுக் கூவலாம் என்று குருவி சேற்றுக்கு இறங்கியது. ஒரு வரி நாலாகி, நாலு பத்தாகியது. தான் எங்கே நிற்கிறோம் என்பதே அதற்கு மறந்துபோயிற்று.

திடீரென்று மண் சரியும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், கரையில் இரண்டு ஆள் நீளத்துக்கு உடைப்பு. குருவி தொண்டை கிழியக் கூவியது. வீரணனும் ஊராரும் வைக்கோல் கட்டும் பனந்துண்டுமாக ஓடிவந்து, இடுப்பளவு நீரில் நின்று போராடி அடைத்தார்கள். பயிர் தப்பியது. தரிசு நிலம் தப்பவில்லை. செந்நிற வெள்ளத்தின் மேல் ஆட்காட்டி கதறிக்கொண்டே வட்டமிட்டது. நான்கு முட்டைகளும் போயிருந்தன.

வீரணன் கேட்டார்: "கசிவு உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு அண்ணே."

"பட்டுமா கூவலை?"

"எழுத ஒரு வரி வந்துச்சு அண்ணே" என்றது குருவி. பிறகு ஆட்காட்டியிடம் போனது. ஆட்காட்டிதான் முதலில் பேசியது.

"அந்த வரி நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு அக்கா."

"சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது ஆட்காட்டி.

குருவி நேரே சேற்றோரம் ஓடியது. எழுதிய அத்தனையையும் கால்களால் மிதித்துக் கலைத்தது. வீரணன் முன்னால் வந்து, "அண்ணே, என்னை விரட்டாதீங்க. இனி எழுதறதுக்காக என் கால் நிக்காது, அலகு சேத்தைத் தொடாது, கண்ணு கரையை விட்டு நகராது. அந்த நாலு முட்டை மேல ஆணை" என்றது. வீரணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நட" என்றார்.

நடந்தது. வரிகள் வந்தன. "வராதே, போ" என்று உள்ளுக்குள்ளேயே விரட்டியது. அவை போகவில்லை, நெஞ்சில் நெரிபட்டுக் குமைந்தன. குருவிக்கு இரை இறங்கவில்லை. ஒன்பதாம் நாள், வழி தேடித் தேடி அலைந்த ஒரு வரி, முதுகோடு இறங்கி வாலுக்குள் புகுந்துவிட்டது. வால் மேலும் கீழும் அசைந்து காற்றில் எழுதியது.

குருவியின் கால் நிற்கவில்லை. கண்ணும் கரையை விட்டு நகரவில்லை. வால் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கசிவைக் கண்டு கூவியது. வீரணன் வந்து அடைத்தார்.

ஆணை தப்பவில்லை. ஒரு குறைதான். சேற்றில் எழுதியதாவது நாலு நாள் இருக்கும். காற்றில் எழுதியது எழுதிய கணமே அழிந்துவிடுகிறது. அதனால் முதல் வரியிலிருந்து மறுபடி, மறுபடி எழுத வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஆட்காட்டி கரையேறி வந்தது. "உன் வாலுக்கு என்னடி?"

"எழுதுது அக்கா. நிறுத்தத் தெரியலை."

ஆட்காட்டி அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "கரையைப் பார்த்து நட" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனது. வெள்ளம் வடிந்து காய்ந்த தரிசில், உடைப்பு விழுந்த இடத்துக்கு நேர் கீழேயே, கூழாங்கற்களை ஒதுக்கி மறுபடி முட்டையிட அமர்ந்தது.

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவி, கால்களை வேலைக்கும் வாலைக் கதைக்கும் கொடுத்துவிட்டு, நீரோரமெல்லாம் ஒரு கணமும் ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டே ஓடித் திரிகிறது.