தட்டு வருமுன் குதித்த கால்

அந்தக் காலத்தில் பாம்பும் முயலும் மட்டுமா பேசின? முயலின் காலும் கண்ணும்கூடப் பேசும். வாயை மூடு என்றால் வாய் மட்டும்தான் மூடும். மற்றதெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும்.

முயலின் தலைக்குள், உள்ளறையில், நினைப்பு என்றொருத்தர் இருந்தார். கண் கண்டது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் சும்மா போய்ச் சொல்லிவிட முடியாது. சீர்வரிசை மாதிரி வர வேண்டும். நிறம் ஒரு தட்டில், உருவம் ஒரு தட்டில், அசைவு ஒரு தட்டில். மூன்றும் சேர்ந்துதான் வாசல்படி தாண்டும். ஒன்று முந்தினாலும் அபசகுனம்.

ஒரு நாள் மத்தியானம் முயல் அறுகம்புல் மென்றுகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி, சருகுக்குள் கண்ணாடி விரியன். கண் பார்த்துவிட்டது, உள்ளே தகவலும் அனுப்பிவிட்டது.

அசைவுத் தட்டு ரெடி. உருவத் தட்டு ரெடி. நிறத்துக்காரம்மா மட்டும், "இரு தம்பி, இது சருகு நிறமா, சந்தன நிறமா? தப்பாச் சொன்னா என் தலைதான் உருளும்" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, அது வாயைத் திறக்குது" என்றான் அசைவு.

"திறக்கட்டும். உள்ளே என்ன நிறம்னு அதையும் பார்த்துடலாம்."

நினைப்புக்கு எதுவும் தெரியாது. "இன்னிக்குப் புல்லு என்னமா இனிக்குது" என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

கண்ணுக்குப் பொறுக்கவில்லை. கொல்லைப்புறச் சந்து வழியாகப் பின்னங்காலைக் கூப்பிட்டது. "அண்ணே, என்னன்னு கேக்காதீங்க. குதிங்க."

"நினைப்போட உத்தரவு?"

"உத்தரவு வர்றதுக்குள்ள உசிரு போயிடும்ணே."

கால் குதித்தது.

நினைப்பு திடுக்கிட்டுப் பார்த்தால், தாம் அந்தரத்தில் இருக்கிறார். வாயில் புல் இல்லை. தரை எங்கோ கீழே கிடக்கிறது. "யாருடா குதிச்சது? நானா?" அப்போதுதான் மூன்று தட்டும் மூச்சிரைக்க வாசல்படி தாண்டின. சருகு நிறம்தானாம். சுருண்ட உருவம். பாயும் அசைவு. பாம்பு. சற்றுமுன் தம் தொண்டை இருந்த இடத்தில் அதன் வாய் மூடியிருந்தது.

விரியனும் விக்கித்துப்போனது. "எப்படிடா என்னைப் பார்த்தே? நீ புல்லைத்தானே பார்த்துட்டிருந்தே?"

தமக்கே தெரியாமல் தம் உயிர் பிழைத்திருக்கிறது. இதை வெளியே சொன்னால் உள்ளறையில் உட்கார என்ன மரியாதை? நினைப்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முதல்லயே பார்த்துட்டேன். பார்த்துத்தான் குதிச்சேன்."

கால் கண்ணைப் பார்த்தது. கண் காலைப் பார்த்தது.

"நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்பாங்க. நல்லவேளை, நாம அவரைக் கேக்கல" என்றது கால். வாய்விட்டுச் சிரித்தால் அவமரியாதை. அடக்கியது. அடக்க அடக்கக் குலுங்கியது.

அன்று முதல்தான், முயலென்ன, மனுஷனென்ன, உடம்பு முதலில் குதிக்கிறது, பாம்பு பிறகு தெரிகிறது. ஆனாலும் பார்த்துத்தான் குதித்தேன் என்று எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். குதித்து முடித்த பிறகும் கால் நடுங்குகிறதே, அதைப் பயம் என்கிறார்கள். கால் இன்னும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறது.