தவிட்டாளின் ஏற்புரை

ஏரிக்கரை நாணல் காட்டில் தவிட்டாள் என்றொரு கதிர்க்குருவி மூன்று முட்டையிட்டு அடைகாத்து வந்தாள். ஏரியில் அவளை யாரும் மதித்ததில்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதுதான் அவளைப் பற்றிய ஒரே பேச்சு.

ஒருநாள் ஊர் சுற்றும் நாரை மூச்சிரைக்க வந்து இறங்கியது.

"சேதி தெரியுமா? அருகிவரும் பறவைகள் பட்டியல்ல நம்ம தவிட்டாள் இனம் இருக்கு!"

"அப்படின்னா?" என்றது தவளை.

"குறைஞ்சுக்கிட்டே வர்றாங்களாம். இப்படியே போனா ஒண்ணுகூட மிஞ்சாதாம்!"

"அடடா! அப்போ இருக்கும்போதே பாராட்டு விழா நடத்திடணும்!" என்றது எருமை. ஏரியின் விழாக்குழுத் தலைவர் அதுதான்.

தவிட்டாளுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை 'சும்மா இரு' என்றவர்கள் இன்று 'அம்மா' என்கிறார்களே! "பந்தல் பெருசாவே இருக்கட்டும்," என்று அவளே சொல்லிவிட்டாள்.

பந்தலுக்கு நாணல் வெட்டினார்கள். தோரணத்துக்கு நாணல், மாலைக்கு நாணல், விருந்தாளிகள் உட்காரப் பாய்க்கும் நாணல். வெட்டியதில் பாதியை எருமை ருசி பார்த்தது. குடியிருக்க இடமில்லாமல் அக்கம்பக்கத்துக் கதிர்க்குருவிகள் மூட்டை கட்டின. மிஞ்சியது ஒரே புதர். அதில்தான் தவிட்டாளின் கூடு. அதையும் வெட்ட நண்டு கொடுக்கைத் தீட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ! அதுல என் முட்டை இருக்கு!"

"உங்க வாசல் வளைவுக்குத்தாம்மா வெட்டுறோம்! நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க!"

தவிட்டாள் பறந்துபோய்க் கூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினால் கேட்கமாட்டார்கள். இவர்களுக்குப் புரிவது விழா ஒன்றுதான்.

"தலைவரே! மேடை எங்கே?" என்று அதட்டினாள்.

எருமை திருதிருவென்று விழித்தது. மேடையை மறந்தே போயிருந்தார்கள்!

"இந்தப் புதர்தான் மேடை. மேடையை வெட்டுற வழக்கம் உண்டா?"

"சேச்சே, கிடையவே கிடையாது!" நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டது.

விழா தொடங்கியது. தவிட்டாள் முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி ஏற்புரையை ஆரம்பித்தாள். ஒரு நாள் பேசினாள். இரண்டு நாள் பேசினாள். பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை என்று யாரும் அசையவில்லை. ஆமை குறட்டை விட்டது. எருமை எட்டாம் நாள்வரை தலையாட்டியது. பதின்மூன்றாம் நாள் மூன்று குஞ்சுகளும் ஓட்டை உடைத்து எட்டிப்பார்த்தன. "நன்றி, வணக்கம்!" என்று முடித்தாள் தவிட்டாள்.

கைதட்டல் ஓயுமுன் நாரை மறுபடி வந்தது. "தவிட்டாளம்மா! இந்த ஏரிக் குருவிங்க எல்லாம் போயிட்டதால பட்டியல்ல உங்களை இன்னும் மேல ஏத்திட்டாங்க! இப்போ நீங்க அழிவின் விளிம்பு!"

"பதவி உயர்வு! இன்னும் பெரிய பந்தல்!" என்று எருமை துள்ளி எழுந்தது.

தவிட்டாள் மொட்டையாகிக் கிடந்த ஏரிக்கரையைப் பார்த்தாள். முதலில் பெரிய பந்தல் கேட்டது அவள் வாய்தானே?

"பந்தல் வேண்டாம். பதவிக்குத் தக்கபடி இதே மாதிரி நூறு நாணல் மேடை வேணும். சேத்துல, வேரோட!"

"அதுவும் சரிதான்!" என்றது எருமை. அன்றே அது சேற்றை உழ, நண்டு பின்னாலேயே நாணல் நட்டது.

அருகிவரும் உயிருக்கு நாம் செய்யும் மரியாதை, அது குடியிருக்கும் இடத்தை விட்டுவைப்பதுதான்.